ஏற்காட்டுக்கு எதற்கு ஜன்னல் திரை?

ஜன்னல் திரை தைத்துப் போடுகிறவன் எந்த வீட்டிலும் நேராகப் படுக்கையறை வரைக்கும் போய்விடலாம்; ஆனால் எந்த வீட்டிலும் அவனை உட்காரச் சொல்ல மாட்டார்கள். கையில் டேப்போடு ஸ்டூல் மேல் ஏறி நிற்கிற மனுஷனிடம் உட்காருங்கள் என்று எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இது எந்த ஊரிலும் உள்ள சங்கடம். எனக்குக் கூடுதலாக இன்னொரு சங்கடம் இருந்தது. நான் இந்தத் தொழிலை ஆரம்பித்த ஊர் ஏற்காடு. வெயிலுக்குப் பயந்து சனங்கள் ஓடிவருகிற மலையில், வெயிலை மறைக்கிற திரை விற்கப் போனவன் நான். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பஜாரில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்ட விஷயம்தான்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் மனைவி ஜமீலாவுக்கு மலைமேல், ஏற்காட்டுக்குப் பக்கத்து நாகலூரில் டீச்சர் வேலை. நான் கீழே சேலத்தில், தாய்மாமாவின் ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷமும் இப்படியே ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவையும் விடாமல் என் வயிறு மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருப்பேன். கொஞ்சம் தெளிந்து மனைவி முகத்தை ஒழுங்காகப் பார்க்கிற நேரத்தில் திங்கட்கிழமை முதல் பஸ் வந்து நிற்கும். நாகலூரில் எனக்கு 'ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை' என்று பெயர்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஏழு நாளும் அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மலையில் ஒரு திரைக் கடை போட்டுக்கொள்கிறேன் என்று மாமாவிடம் கெஞ்சினேன். விற்காமல் கிடந்த திரைத்துணிக் கட்டுகளையெல்லாம் தூக்கிக் கொடுத்தவர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "மே மாசம் முடியட்டும்டா கரீமு. நானே மேல வந்து பாப்பேன். கடை ஓடுனா இரு. ஓடலைன்னா ஒரு வார்த்தை பேசாம என்கூட எறங்கி வந்துரணும்."

மார்ச், ஏப்ரல், மே. மூன்று மாதம்தான் தவணை. ஏற்காட்டில் வெயில் ஏது என்று கேட்கிறவர்கள், ஏப்ரல் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மேற்கு பார்த்த அறையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியே மரத்தடியில் சிலுசிலுவென்று காற்றடிக்கும். உள்ளே கூரைத் தகரமும் ஜன்னல் கண்ணாடியும் கூட்டுச் சேர்ந்து ஆளை வேகவைக்கும். குளிர்காலத்தில் வெயில் வேண்டும் என்று வெள்ளைக்காரன் ஆளுயரக் கண்ணாடி ஜன்னலாக வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். மிச்சமிருந்த வெயிலை நாம் அனுபவித்தோம். மேற்கு ஜன்னலோடு குடும்பம் நடத்துகிற என் சக பாவிகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஜன்னலுக்குக் குளிருதா?

ஏற்காடு பஜாரில் கடை திறந்து ஒரு வாரம் ஈ கூட வரவில்லை. எட்டாம் நாள், சந்தைக்கு வந்த ஒரு மலைக் குடியானவர் உள்ளே நுழைந்தார். தோளில் கம்பளி. வாசலில் நான் தொங்கவிட்டிருந்த பச்சைத் திரையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். முதல் கிராக்கி என்று நான் உருகிப்போய் நின்றேன்.

"இதென்னுங்க பாய், போத்திக்கறதுங்களா?" என்றார். இல்லைங்க, ஜன்னலுக்கு என்றேன். "ஜன்னலுக்குக் குளுருதுங்களா?" என்று கேட்டார். முகத்தில் கேலி இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருவது, அறை சூடாவது, திரை அதைத் தடுப்பது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். அவர் வீட்டில் எத்தனை ஜன்னல் என்றும் கேட்டேன். அவருடையது தாழ்வாரம் இறக்கிப் புல் வேய்ந்த மண் வீடு. ஜன்னலே கிடையாதாம். கோடையில் உள்ளே போனால் கம்பளி கேட்குமாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "ஜன்னல வெச்சுப்புட்டு, அப்பறம் அத மூடறதுக்குத் துணியும் வாங்கறதுக்கு, அத வெக்காமயே இருந்துருக்கலாமுங்களே."

பூ எந்தப் பக்கம்?

ஜமீலா ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். திரை தைப்பதற்கு முன்பே எனக்கும் பாடம் எடுத்துவிட்டாள். வெயில் பார்க்கிற பக்கம் வெள்ளைத் துணி லைனிங் வைத்துத் தைக்க வேண்டும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அது என் காதில் ஏறவில்லை. அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

பஜாரில் மளிகைக் கடைக்காரர் வீட்டு அக்காதான் முதலில் திரை வாங்கினார். சிவப்பில் பெரிய பெரிய பூப்போட்ட துணி, பின்னால் வெள்ளை லைனிங். நான்கு ஜன்னலுக்கும் பூ வீட்டுக்குள் பார்க்க, வெள்ளை தெருவைப் பார்க்க, கச்சிதமாக மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை அந்தப் பக்கம் போனால் நான்கு திரையும் திரும்பியிருந்தன. சிவப்புப் பூவெல்லாம் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துச் சிரித்தன. நான் தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்து அக்காவே ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்திருக்கிறார்.

சிவப்பு வெயிலை இழுக்கும், அறை சூடாகும், துணியும் வெளுத்துவிடும் என்று நான் மன்றாடினேன். அதற்குள் எதிர்வீட்டம்மாவும் வந்து தனக்கும் அதேபோல் தெருப்பக்கம் பூ வைத்து வேண்டும் என்றார். அந்தத் தெருவில் ஒரே வாரத்தில் ஐந்து வீட்டுக்கு விற்றேன். ஐந்து வீடும் முன்பைவிடச் சூடாகிவிட்டன. கடைசியாக ஒருமுறை அக்காவிடம், பூவை நீங்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னார்: "உள்ள நாங்கதானுங்களே இருக்கறோம்? எங்களுக்கு எதுக்குங்க பாய் பூவு? ரோட்டுல போறவங்க பாக்கட்டும்."

காலையில் மூடு, சாயங்காலம் திற

திரை வாங்குகிறவர்களுக்கு நான் ஒரு மந்திரம் சொல்லித் தருவேன். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பகல் சூடு உள்ளே வராது, ராத்திரிக் குளிர் உள்ளே தங்கும். இதை ஒருவரும் செய்ய மாட்டார்கள். காற்று வாங்குவதற்கென்றே மலையேறி வந்துவிட்டு ஜன்னலைச் சாத்துவதாவது என்பார்கள். சொன்னபடி செய்தவர் ஒரே ஒருவர். சேலத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையராகி, மனைவியோடு ஏற்காட்டில் குடியேறியிருந்தவர். கடிகாரத்தைப் பார்த்து மூடுவார், கடிகாரத்தைப் பார்த்துத் திறப்பார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பத்து நாளில் அவர் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. விஷயம் இதுதான். பகலெல்லாம் எட்டு ஜன்னலும் மூடிக் கிடந்ததால், ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று பால்காரர் பாலை நிறுத்திவிட்டார். தபால்காரர் வீடு பூட்டியிருப்பதாக எழுதி மகள் அனுப்பிய பார்சலைத் திருப்பிவிட்டார். பார்சல் திரும்பி வந்ததும் மகள் பதறிப்போய், சேலத்திலிருந்து உறவுக்காரர்கள் ஏழு பேரைக் கார் வைத்து அனுப்பிவிட்டாள். ஏழு பேரும் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்ட, இவர் நிம்மதியான தூக்கத்திலிருந்து வந்து திறந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் ஒரு அம்மா ஓவென்று அழுதுவிட்டாராம். என்னிடம் அவர் கோபிக்கவில்லை. "ஊடு குளுகுளுன்னுதான் இருக்குது பாய், அதுல கொறையே இல்ல. உள்ளார ஆளு உசுரோட இருக்குதுன்னு மட்டும் ஒரு போர்டு எழுதிக் குடுத்துருங்க."

கொட்டச்சேட்டுக் கண்ணாடி அறை

ஏப்ரல் நடுவில் எனக்குப் பெரிய வேலை கிடைத்தது. கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களா. அதன் மேற்குப் பக்கம் மூன்று சுவரும் கண்ணாடியாலான ஒரு அறை. எஸ்டேட் அம்மா என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான், அந்தப் பங்களாவின் எஜமானி. அவர் நல்லது என்று சொன்ன கடைக்கு மலை முழுக்க ஆள் போகும். வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மகளுக்குப் புதிதாகச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் சேலத்திலிருந்து முதல்முறையாக வரப்போகிறார்கள், அவர்களை அந்த அறையில்தான் உட்காரவைக்க வேண்டும், அறை குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்றார். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் நான் மலையில் நிலைத்துவிட்ட மாதிரி. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மாமா கொடுத்ததிலேயே கனமான சரக்கைத் தேர்ந்தெடுத்தேன். மெரூன் கலர் வெல்வெட். கனமாக இருந்தால் வெயில் நுழையாது என்பது என் கணக்கு. இரண்டடுக்காகத் தைத்து, உள்பக்கம் கண்ணாடியை ஒட்டினாற்போல் மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். பார்க்க ராஜா வீடு மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டார் வந்த அன்று நானும் சமையல்கட்டு ஓரமாக நின்றிருந்தேன், பாராட்டு வாங்கலாம் என்று.

வெயில் கண்ணாடிக்குள் நுழைந்து வெல்வெட்டில் முட்டி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே குடியிருந்துவிட்டது. மூன்று மணிக்கு அறை அடுப்பாகிவிட்டது. மைசூர்பாகு தட்டிலேயே இளகியது. சம்பந்தியம்மா பட்டுப்புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, ஏற்காடு குளிரும் என்றார்களே என்று கேட்டார். மூன்றரை மணிக்கு, திரைக்குப் பின்னால் சூடு தாங்காமல் ஒரு பெரிய கண்ணாடி 'டப்'பென்று குறுக்காக விரிசல் விட்டது. சம்பந்தி வேட்டுச் சத்தம் என்று நினைத்து சோபாவுக்குக் கீழே குனிந்துவிட்டார். அவரைக் கைதூக்கி உட்காரவைத்து, எல்லோரையும் வெளியே மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, எஸ்டேட் அம்மா என்னிடம் வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "வெயிலு பாட்டுக்கு வெளியில நின்னுட்டு இருந்துச்சுங்க பாய். நீங்கதான் அத உள்ள கூட்டியாந்து, திரை போட்டு உக்கார வெச்சுருக்கறீங்க."

செடிக்குள்ளே குடை

சம்பந்தி வீட்டார் மே கடைசி வாரம் மறுபடியும் வருகிறார்களாம். அதற்குள் அறையைச் சரிசெய்யாவிட்டால் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று எஸ்டேட் அம்மா கெடு வைத்தார். வெல்வெட் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு எஸ்டேட் வழியாக நடந்தேன். ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை உத்தியோகம் மறுபடி கண்முன்னால் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. மூட்டை தலையில் இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

வழியில் சின்னப்பொண்ணு என்ற தொழிலாளி, நிழல் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தாள். காப்பிச் செடிக்கு எவ்வளவு வெயில் விழ வேண்டும் என்று பார்த்து மேலே உள்ள மரங்களின் கிளையை வெட்டிவிடுகிற வேலை. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், வாய் மட்டும் அதற்கும் மேலே. என்ன பாய் மூஞ்சி தொங்கிப்போச்சு என்று மரத்தின் மேலிருந்தே கேட்டாள். நானும் கீழிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாளைக் கிளையில் கொத்தி வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தாள். "ஏனுங்க பாய், காப்பிச் செடிக்கு நெழலு வெளிய நிக்கற மரந்தானுங்களே குடுக்குது? செடிக்குள்ள பூந்து யாராச்சும் குடை புடிப்பாங்களா?"

திரை உள்ளே இருக்கக் கூடாது, வெளியே இருக்க வேண்டும். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வெயிலை நிறுத்த வேண்டும். பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவன்போல் வீட்டுக்கு ஓடி ஜமீலாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். மார்ச் மாதம் அவள் சொல்லி என் காதில் ஏறாமல் போன இன்னொன்று இதுதான். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நான் சொன்னா பாடம், மரத்து மேல இருந்து சொன்னா யோசனையா?"

கோணியும் ஜீப்பும்

எதை வெளியே தொங்கவிடுவது என்று தெரியவில்லை. நல்ல துணி மழைக்கும் பனிமூட்டத்துக்கும் தாங்காது. பழைய காப்பிக் கோணிகளை வாங்கித் துவைத்து, பிரித்துத் தைத்து, பரீட்சையாக நாகலூரில் ரைட்டர் பழனிசாமி வீட்டு ஜன்னல்களுக்கு வெளியே தொங்கவிட்டேன். அவர் கொட்டச்சேட்டு எஸ்டேட்டின் ரைட்டர். வேலையாட்களைப் பார்த்துக்கொள்கிறவர், எனக்கு வேண்டியவர். வீடு உடனே குளிர்ந்தது. ரைட்டர் வீட்டம்மா மத்தியானம் தலைகுளித்துவிட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கினார். இதற்கு முன்னால் அந்த அறையில் பகலில் பூனைகூடப் படுத்ததில்லை.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். அந்த நாளில் காப்பியை விளைவித்தவர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் மூட்டை கட்டி ஒளித்தால் வம்பு. இதைக் கண்காணிக்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் நாகலூர் வழியாகப் போயிருக்கிறார். எஸ்டேட் ரைட்டர் வீடு. பட்டப்பகலில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கிறது. மூடியிருப்பதோ காப்பிக் கோணி. போதாததற்கு வீட்டைச் சுற்றிலும் காப்பி வாசனை. ஜீப்பை நிறுத்திவிட்டார். ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப் போவதற்குள் பாதி ஊர் அங்கே கூடியிருந்தது.

அதிகாரி கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பரண்மேல் பார்த்தார், அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார். காப்பி என்று இருந்தது அடுப்பங்கரை டப்பாவில் கால் டப்பா. காலையிலிருந்து வெயிலில் ஜீப்பில் சுற்றியவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். மறுபடியும் கேட்டார். எழுந்திருக்க மனமில்லாமல் கோணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரைட்டர் கைகட்டி நின்றார். கடைசியில் நோட்டை எடுத்தார். "காப்பி ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கறேன். ஆனா எங்க ஆபீசுல ஆறு ஜன்னல் மேக்க பாத்துதான் இருக்குது, எப்பங்க அளவெடுக்க வர்றீங்க?"

தட்டி

கோணி அடுத்த மழையில் நனைந்து பூசணம் பிடித்தது. ரைட்டர் வீட்டம்மா அதை மூக்கைப் பொத்திக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். மறுபடி சின்னப்பொண்ணிடம் போய் நின்றேன். அவளும் அவள் தங்கைகள் இரண்டு பேரும் ராகியும் சாமையும் காயவைக்க மூங்கில் தட்டி பின்னுவார்கள். மழையில் நனைந்தாலும் காய்ந்துவிடும், இடுக்கு வழியாகக் காற்று வரும், வெயில் வராது. அளவு கொடுத்து, சுருட்டி மேலே ஏற்றக் கயிறும் வைத்து எட்டுத் தட்டி பின்னச் சொன்னேன். எஸ்டேட் ஓரத்து மூங்கிலை ரைட்டர் சொல்லி வெட்டிக்கொடுத்தார். கண்ணாடி அறையின் கூரை விளிம்பிலிருந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, வெளியே தொங்கவிட்டோம். நடுவில் காற்றுப் போக வழி.

முதல் இரண்டு நாள் குரங்குகள் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடின. முடிச்சை உள்பக்கம் மாற்றினேன். மூன்றாம் நாள் மத்தியானம் எஸ்டேட் அம்மா கையில் விசிறியோடு கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. தட்டி இடுக்கு வழியாக வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்தது. நான்கு மணிக்கு விசிறி கீழே கிடந்தது, அவர் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தன நேரமுங்க நிப்பீங்க? உக்காருங்க பாய், காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

மாமாவின் தூக்கம்

சம்பந்தி வீட்டார் வந்து, உட்கார்ந்து, கல்யாணத் தேதி குறித்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரத்தில் பதினோரு வீட்டிலிருந்து தட்டி கேட்டு ஆள் வந்தது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மாமாவுக்காக நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தேன். அவர் வந்து இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, இரண்டு நாள் விடவில்லை. பனிமூட்டத்தில் எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. வெயில் இல்லாததால் எல்லா வீட்டிலும் தட்டியைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். மாமா குடைக்குள் நடுங்கிக்கொண்டே வீடு வீடாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். "எல்லாத்தையும் சுருட்டி வச்சிருக்கானுங்க. நீயும் சுருட்டுடா" என்றார்.

மூன்றாம் நாள் என் நல்ல காலம், சுள்ளென்று வெயிலடித்தது. மாமாவைக் கொட்டச்சேட்டுக்குக் கூட்டிப்போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்தேன். குறைசொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாய் மூடாமல் தூங்கிவிட்டார். சேலத்து வெயிலில் முப்பது வருஷமாகப் பகல் தூக்கம் காணாத மனுஷன். இரண்டு மணி நேரம் குறட்டை எஸ்டேட் முழுக்கக் கேட்டது. எழுப்பட்டுமா என்று நான் கூசிக் குறுகிக் கேட்டேன். எஸ்டேட் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாமுங்க பாய். எந்திரிச்சா, அந்த சோபாவையும் சேத்துச் சேலத்துக்கு அனுப்பச் சொல்லுவாரு போல இருக்குது."

வெயில் மட்டும்தான் அங்கே

மாமா கண்விழித்ததும் தட்டியைத் தடவிப் பார்த்தார். வெளியே போய்ப் பார்த்தார், உள்ளே வந்து பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நிமிஷத்தில்தான் வாயைத் திறந்தார். "டேய் கரீமு, இவ்வளவு நல்ல சரக்கைக் குளிர்ற ஊர்ல வச்சுக்கிட்டு என்னடா பண்ற? சேலத்துல எத்தனை ஜன்னல் எரியுது தெரியுமா? நாளைக்கே மூட்டையக் கட்டு, அங்க ஜோரா ஒரு கடை போடுறோம்."

கடை ஓடாவிட்டால் இறங்கி வர வேண்டும் என்று சொன்னார், சரி. ஓடினாலும் இறங்கி வர வேண்டும் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? தோற்பதற்கு மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். ஜெயித்து மனைவியைப் பிரிவதற்குத் தயாராக இல்லை. நாகலூருக்கு வருகிற வழியெல்லாம் மாமா சேலத்துத் தெருக்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார், நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். அவர் எடுத்து வளர்த்த பிள்ளை நான். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

சாயங்காலம் வீட்டில் ஜமீலா தோசை வார்த்துப் போட்டாள். மாமா சாப்பிட்டுக்கொண்டே அவளிடமும் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவைக்கிறேன் என்று சமாதானமும் சொன்னார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து மாமாவிடம் "இன்னொண்ணு வைக்கட்டுமா" என்பதற்கு மேல் பேசாதவள் ஜமீலா. அன்றைக்குத் தோசைக் கரண்டியோடு வந்து எதிரே நின்றாள். வகுப்பில் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான் சொன்னாள். "மூங்கில் இங்க இருக்கு மாமா. பின்ற ஆளுங்க இங்க இருக்காங்க. நானும் இங்கதான் இருக்கேன். வெயில் மட்டுந்தான் அங்க இருக்கு, அதை நீங்க பாத்துக்குங்க."

மாமா வாயில் வைத்த தோசையை மென்று முடிக்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில், பின்னி வைத்திருந்த பத்துத் தட்டியைக் கூரைமேல் ஏற்றச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் இருபது வேண்டும், சாண் அளவு பிசகக் கூடாது என்றார்.

அதற்கப்புறம் பல வருஷம், பக்கத்தில் மனைவியை வைத்துக்கொண்டு ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து, சேலத்தில் வெயில் குறைந்துவிடப் போகிறதே என்று கவலைப்பட்ட ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.